அடுத்த ஆறு மாதச் செம்பனைக் குலை எடையை இன்றே சொல்வது எப்படி? பல படி முன்கணிப்பு பற்றி ஓர் இழை

ஜூன் 14, 2025, கேள்வி

அக்கா, நான் பக்கத்துத் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுபவன். 36 மாதச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை எடை எக்செலில் இருக்கிறது. கேராஸ் என்ற பைத்தான் நூலகத்தில் எல்எஸ்டிஎம் (வரிசையாக வரும் எண்களைக் கற்கும் நியூரல் நெட்வொர்க்) போட்டுப் பார்த்தேன். அடுத்த மாதத்தை ஓரளவு சரியாகச் சொல்கிறது. மேனேஜர் கேட்பது ஆறு மாதம். ஒரு மாதத்தைக் கணித்து, அந்த எண்ணையே திரும்ப உள்ளே கொடுத்து அடுத்ததைக் கேட்டால், மூன்றாவது மாதத்திலிருந்து கோடு படுத்துவிடுகிறது. எல்லா மாதமும் கிட்டத்தட்ட ஒரே எடை. லேயர் கூட்டினால் சரியாகுமா?

ஜூன் 14, இரவு

ஆகாது தம்பி. முதலில் வரிசைகளை எண்ணுங்கள். 12 மாத எடையைக் காட்டி அடுத்த 6 மாதத்தைக் கேட்பது ஒரு வரிசை. அந்த ஜன்னலை மாதம் மாதமாக நகர்த்தினால், 36 மாதத்தில் கிடைப்பது 36 - 12 - 6 + 1, அதாவது 19 வரிசை. பத்தொன்பது வரிசையை வைத்து எல்எஸ்டிஎம் எதையும் கற்காது, மனப்பாடம்தான் செய்யும்.

கோடு படுப்பதற்குக் காரணம் வேறு. உங்கள் மாடல் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதுதான்: அடுத்த மாதம் இந்த மாதத்தைப் போலவே இருக்கும், கொஞ்சம் சராசரியின் பக்கம் சாயும். அதன் விடையை அதற்கே ஊட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் சராசரிக்கு ஒரு அடி நகர்கிறது. மூன்று, நான்கு சுற்றில் அங்கேயே போய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, பயிற்சியில் அது பார்த்ததெல்லாம் தராசில் நிறுத்த உண்மையான எடை. பயன்படுத்தும்போது பார்ப்பது தன் சொந்த ஊகம். அதில் அதற்குப் பழக்கமே இல்லை.

இதை ரிகர்சிவ் முறை என்பார்கள். வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஆறு மாடல் போடுங்கள். முதல் மாடலுக்கு இலக்கு அடுத்த மாதம், ஆறாவது மாடலுக்கு இலக்கு ஆறாவது மாதம். உள்ளே போவது எல்லாவற்றிலும் இன்று வரை கையில் இருப்பது மட்டும். இது டைரக்ட் முறை. ஊகத்தின் மேல் ஊகம் ஏறாது.

ஜூன் 15

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022இல் ஒரு தோட்டத்து ஆபீசுக்கு ஆறு மாதக் கணிப்பு செய்து கொடுத்தேன். சோதனையில் பிழை 6 சதவீதம் என்று வந்தது. ஆறு மாதத்துக்கும் அதுதான் என்று நம்பிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் அந்தச் சோதனையில், ஒவ்வொரு மாதத்துக்கும் அதற்கு முந்தைய மாதத்தின் நிஜ எடையைத்தான் மாடலுக்குக் காட்டியிருந்தேன். ஆறு மாதக் கணிப்பு என்று நான் நினைத்தது ஆறு தனித்தனி ஒரு மாதக் கணிப்பு. அக்டோபரைக் கணிக்க செப்டம்பர் எடை தேவைப்பட்டது. கணிப்பு கொடுத்தது ஏப்ரலில்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பழம் ஏற ஆரம்பித்தது. மாடல் சமமாகச் சொல்லியிருந்தது. லாரி பேசியிருந்தது அந்த எண்ணை வைத்து. அக்டோபர் இரண்டாம் வாரம், குலையைக் கொட்டி லாரியில் ஏற்றும் ரேம்ப்பில் போய் நின்றேன். குலைகள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. அடியில் இருந்தவை நசுங்கி, உதிரிப் பழத்திலிருந்து ஆரஞ்சு நிற எண்ணெய் சிமெண்டில் கசிந்து செருப்பில் ஒட்டியது. புளித்த வாடை. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் போய்விடும். வெட்டை இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார்கள். வெட்டுகிறவர்களுக்கு டன் கணக்கில்தான் கூலி. அந்த இரண்டு நாள் கூலி என் எண்ணால் போனது.

அதனால் சொல்கிறேன். எந்த நாளில் கணிப்பு கொடுப்பீர்களோ அந்த நாளில் நின்று சோதியுங்கள். 2024 ஜனவரியில் நிற்பதாக வைத்துக்கொண்டு ஆறு மாதம் கணியுங்கள். பிப்ரவரிக்கு நகர்ந்து மறுபடி ஆறு. இப்படி நகர்த்திக்கொண்டே போய், முதல் மாதப் பிழை தனி, இரண்டாம் மாதப் பிழை தனி என்று ஆறு எண்களாக எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி போட வேண்டாம். என் 2022 மாடலைப் பிறகு இப்படிச் சோதித்தேன். முதல் மாதம் அதே 6. ஆறாவது மாதம் 29.

ஜூன் 15, கொஞ்சம் கழித்து

விட்டுவிட்டேன். மாடல் எதையும் தொடுவதற்கு முன்னால், போன ஆண்டு இதே மாத எடையை அப்படியே கணிப்பாக எழுதிப் பாருங்கள். எக்செலில் ஒரு வரி. அதைத் தாண்டாத மாடலை மேனேஜரிடம் காட்ட வேண்டாம். 2018இல் நடந்த எம்4 என்ற முன்கணிப்புப் போட்டியில் 1,00,000 காலத்தொடர்கள் இருந்தன. முழுக்க எந்திரக் கற்றலை மட்டும் நம்பி வந்த ஆறு முறைகளில், பருவத்தைச் சரிசெய்துவிட்டுக் கடைசி மதிப்பையே நீட்டும் எளிய கணக்கைத் தாண்டியது ஒன்றே ஒன்று. முதலிடம் வந்தது பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங்கையும் (அண்மை எண்களுக்கு அதிக மதிப்பு தரும் சராசரி) நியூரல் நெட்வொர்க்கையும் ஒன்றாகக் கட்டிய முறை.

ஜூன் 18

மழை அளவையும் சேர்க்கலாமா, ஆனால் அடுத்த ஆறு மாத மழை தெரியாதே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் மரத்திடமே இருக்கிறது.

செம்பனையில் ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பூங்கொத்து வரும். அது ஆண் பூவா பெண் பூவா என்பது, அந்தக் குலை வெட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே உள்ளுக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வறட்சி என்றால் ஆண் பூ கூடும், குலை குறையும். வெட்டுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் முன்பு இன்னொரு கண்டம் உண்டு. அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் இளம் பூங்கொத்து கருகி நின்றுவிடும். பெண் பூவில் மகரந்தம் சேர்ந்த பிறகு பழுக்க ஐந்து, ஆறு மாதம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். ஆறு மாதம் தள்ளிக் கணிக்க வேண்டும். வேலை செய்யும் மழையோ பத்து மாதத்துக்கு முந்தையது, இருபத்து மூன்று மாதத்துக்கு முந்தையது. அது ஏற்கெனவே பெய்துவிட்டது. ஆபீஸ் மழைமானிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. வரப்போகும் மழையை ஊகிக்க வேண்டியதே இல்லை! டைரக்ட் முறையில் ஆறாம் மாத மாடலுக்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் தள்ளிய மழையை மட்டும் கொடுத்தால் போதும். 2015-16 எல் நினோ வறட்சியை நினைத்துப் பாருங்கள். மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015இல் 1 கோடியே 99 லட்சம் டன். 2016இல் 1 கோடியே 73 லட்சம். அடி முதல் ஆண்டில் விழுந்தது, வலி அடுத்த ஆண்டில் தெரிந்தது.

ஆனால் 36 மாதத்தில் 24 மாதத் தள்ளலை வைத்தால் மிஞ்சுவது பன்னிரண்டு வரிசை. ஸ்டோரில் பழைய கணக்குப் புத்தகம் கட்டாயம் இருக்கும், தம்பி. 2014இலிருந்து உட்கார்ந்து தட்டுங்கள். தோட்டம் முழுவதற்கும் ஒரே தொடராக எடுக்காமல் பிளாக் வாரியாக எடுங்கள். எல்லா பிளாக்கையும் ஒரே மாடலுக்குக் கொடுத்து, ஹெக்டேருக்கு எவ்வளவு என்று மாற்றி, மரத்தின் வயதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம். பன்னிரண்டு பிளாக் என்றால் வரிசையும் பன்னிரண்டு மடங்கு. ஒரே மழை எல்லா பிளாக்கிலும் பெய்வதால் அவை முழுக்கத் தனித்தனிச் சாட்சிகள் ஆகிவிடாது, அதையும் மனதில் வையுங்கள்.

ஜூன் 21

ஆறு மாடலைத் தனித்தனியாகப் பராமரிப்பது கஷ்டம், ஒரே மாடல் ஆறு எண்ணையும் தராதா என்று வேறொருவர் கேட்டார். தரும். கேராஸில் கடைசி டென்ஸ் லேயரில் (விடை தரும் அடுக்கில்) ஆறு வெளியீடு வைத்தால் போதும். சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில், பல முடிவு மரங்களின் சராசரியான ரேண்டம் ஃபாரஸ்ட் தானாகவே பல இலக்குகளை ஏற்கும். முந்தைய மரத்தின் பிழையை அடுத்த மரம் திருத்தும் கிரேடியன்ட் பூஸ்டிங் ஏற்காது, அதை மல்டிஅவுட்புட்ரெக்ரஸர் என்ற உறையில் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினால் உள்ளே ஓடுவது ஆறு தனி மாடல்தான். வெளியே ஒரே பெயர், உள்ளே டைரக்ட் முறை.

மாதங்களுக்கு இடையே உறவு வேண்டும் என்றால் ரெக்ரஸர்செயின் இருக்கிறது. முதல் மாதக் கணிப்பை இரண்டாம் மாத மாடலுக்குக் கொடுக்கும், அதை மூன்றாவதுக்கு. இதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 22

நேற்று செயின் பற்றிச் சொன்னதைத் திருத்துகிறேன். ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். அதில் சிவி (குறுக்குச் சோதனை) என்ற அமைப்பைத் தொடாமல் விட்டால், பயிற்சியின்போது இரண்டாம் மாத மாடலுக்குக் கிடைப்பது முதல் மாதத்தின் உண்மையான எடை. பயன்படுத்தும்போது கிடைப்பது கணிப்பு. ரேம்ப்பில் நான் பார்த்த அதே தவறு, வேறு சட்டையில். தரவை எத்தனை துண்டாகப் பிரிக்க வேண்டும் என்று சிவிக்கு எண் கொடுத்தால் பயிற்சியிலும் கணிப்பையே கொடுக்கும். ஆனால் காலத்தை மதிக்கும் டைம்சீரீஸ்ஸ்ப்ளிட்டை அங்கே கொடுத்தால் ஏற்காது. ஒவ்வொரு வரிசையும் ஒரு முறையாவது சோதனைப் பக்கம் வர வேண்டும் என்று கேட்கும். காலவரிசைப் பிரிப்பில் ஆரம்ப வரிசைகள் சோதனைக்கு வருவதே கிடையாது. சாதாரணப் பிரிப்பைக் கொடுத்தாலோ எதிர்காலத்தைப் படித்துவிட்டு இறந்த காலத்தைச் சொல்லும். சின்னத் தரவுக்கு இந்தச் சிக்கல் தேவையில்லை. செயினை விட்டுவிடுங்கள்.

அப்புறம், தரவைப் பிரிக்கும்போது சைகிட்-லேர்னின் டிரெயின்டெஸ்ட்ஸ்ப்ளிட் தானாகவே வரிசைகளைக் கலைத்துவிடும். கலைக்காதே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அளவு மாற்றும் ஸ்கேலரையும் பயிற்சிப் பகுதியில் மட்டும் பொருத்துங்கள்.

ஜூன் 29

ரிகர்சிவ் வேண்டவே வேண்டாம் என்று முதல் நாள் எழுதினேன். அது அதிகப்படி. ஈப்போவிலிருந்து ஒருவர் எம்5 போட்டியை நினைவுபடுத்தினார். 2020இல் நடந்தது, வால்மார்ட் கடை விற்பனை, 42,840 தொடர்கள், 28 நாள் முன்கணிப்பு. வென்றவர் தென் கொரிய மாணவர். லைட்ஜிபிஎம் (ஒரு வகை கிரேடியன்ட் பூஸ்டிங்) மாடல்களில் ரிகர்சிவாக ஓடியவற்றையும் அப்படி ஓடாதவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தார். இரண்டும் தவறு செய்யும் இடம் வேறு வேறு, அதனால் சேர்த்தால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்கிறது.

கோட்பாடும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் ஒரு படி மாடல் நிஜமாகவே சரியான வடிவத்தில் இருந்தால், ரிகர்சிவ் தரவை வீணாக்காமல் நன்றாக வேலை செய்யும். வடிவம் தவறு என்றால் டைரக்ட் தாங்கும். டைரக்டின் விலை, ஆறு மாதமும் ஒன்றை ஒன்று அறியாமல் வருவதால் கோடு சில சமயம் பல் பல்லாக இருக்கும். பிரிட்டனின் ஏடிஎம் பணமெடுப்புத் தொடர்கள் 111ஐ வைத்து 56 நாள் கணிக்கச் சொன்ன என்என்5 போட்டித் தரவில், இந்த முறைகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் ஒரே மூச்சில் பல படிகளைத் தரும் முறைகள்தான் முன்னால் நின்றன. நான் இப்போது செய்வது டைரக்ட், அதோடு போன ஆண்டு எடை, இரண்டின் சராசரி. லாரி பேசுவதற்கு இது தாங்குகிறது.

ஜூலை 5

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஏப்ரல் கணிப்பு ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று காலையெல்லாம் யோசித்தேன். ஹரி ராயா!

நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22. 2024இல் ஏப்ரல் 10. 2025இல் மார்ச் 31. வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். வெட்டாத பழம் அந்த மாதக் கணக்கில் வராது. போன ஆண்டு ஏப்ரலைப் பார்த்து இந்த ஆண்டு ஏப்ரலைச் சொன்னால் மாடல் பெருநாள் பள்ளத்தை இந்த ஏப்ரலுக்கும் வெட்டி வைக்கிறது. இந்த ஆண்டு பள்ளம் மார்ச் கடைசியில் தொடங்கிவிட்டது. சீனப் பெருநாளும் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே ஆடும். தீபாவளியும் அப்படித்தான். மழை தெரியாது, ஆனால் நாள்காட்டி அடுத்த பத்து ஆண்டுக்கும் தெரியும். ஒவ்வொரு மாதத்துக்கும் வேலை நாள் எத்தனை, பெருநாள் வாரம் எத்தனை என்று இரண்டு பத்தி சேருங்கள். இவை இலக்கு மாதத்தினுடையதாக இருக்க வேண்டும், இன்றைய மாதத்தினுடையதாக அல்ல. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

வெட்டுச் சுற்றையும் பாருங்கள். 12 நாள் சுற்று என்றால் ஒரு பிளாக்குக்குச் சில மாதம் இரண்டு வெட்டு விழும், சில மாதம் மூன்று. மரத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே எடை ஒன்றரை மடங்கு குதிக்கும். மாத எடையை வெட்டு எண்ணிக்கையால் வகுத்துவிட்டுப் பிறகு கணியுங்கள்.

2020ஐயும் ஒதுக்கிப் பாருங்கள். மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அடுத்த இரண்டு ஆண்டும் வெளிநாட்டு ஆட்கள் கிடைக்காமல் பழம் மரத்திலேயே கிடந்தது. அந்த எடையைப் பார்த்து மாடல் மரத்துக்கு நோய் என்று நினைக்கும். நாம் நிறுப்பது விளைச்சலை மட்டுமல்ல, ஆளையும் சேர்த்துத்தான்.

ஜூலை 6

சாப்பாட்டுக் கடைக்கு இது ஆகுமா என்று கேட்டவருக்கு: ஏழு நாள் கணிக்க, போன வாரம் இதே கிழமை எத்தனை பொட்டலம் போனது என்று பாருங்கள். சம்பள வாரமா இல்லையா என்று ஒரு பத்தி. அதற்கு மேல் வேண்டாம்.

ஜூலை 20

இன்று அப்பாவோடு போனேன். அப்பா முப்பது ஆண்டு தண்டல் (தோட்ட ஆட்களை மேற்பார்க்கும்) வேலை பார்த்தவர். ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது, அப்பாவுக்கு மாறவில்லை. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டது பக்கத்தில் தென்னமாரத்தில்தான்.

அப்பா பார்த்துவந்த வேலைகளில் ஒன்று மரத்தில் இன்னும் கறுப்பாக இருக்கும் குலைகளை எண்ணுவது. பத்து வரிசைக்கு ஒரு வரிசை. மரத்தின் அடியில் நின்று தலையைத் தூக்கி, கழியால் மட்டையை மெல்ல ஒதுக்கி, ஒரு பக்கமாகச் சுற்றி வருவார். பின்னால் மறைந்திருக்கும் குலையை முள்ளுக்கு இடையே கறுப்பு மினுமினுப்பாக ஒரு விரல் அளவு தெரிந்தாலே பிடித்துவிடுவார். முஷ்டி அளவு இருப்பது, தேங்காய் அளவு இருப்பது, தோள் சிவக்கத் தொடங்கியது என்று மூன்று கோடு. நோட்டில் மரத்துக்கு ஒரு கட்டம். நான் எண்ணியபோது பதினெட்டாவது மரத்தில் நான்கு என்றேன். "இந்தப் பக்கம் வந்து பாரும்மா" என்றார். ஆறு.

கணக்கு சுலபம். மரத்துக்கு 5 குலை, ஹெக்டேருக்கு 136 மரம், குலை 18 கிலோ என்றால் 12,240 கிலோ. ஹெக்டேருக்குப் பன்னிரண்டு டன் சொச்சம், அடுத்த ஐந்து, ஆறு மாதத்துக்குள் வந்தே தீரும். எந்த மாதத்தில் எவ்வளவு என்பதை அந்த மூன்று கோடு பிரித்துத் தரும். இதுதான் பல படி முன்கணிப்பு. ஒரு மாதத்தின் விடையை அடுத்த மாதத்துக்கு ஊட்டாமல், ஒரே நாளில் பார்த்து ஆறு மாதத்தையும் சொல்வது. அப்பா இதை எனக்குப் பைத்தான் தெரிவதற்கு முன்பிருந்தே செய்கிறார்.

மூன்று கோட்டையும் மூன்று பத்தியாக மாடலுக்குக் கொடுத்தேன். பழைய நோட்டில் ஏழு ஆண்டு எண்ணிக்கை கிடைத்தது. மூன்றாவது, நான்காவது மாதப் பிழை பாதியாகக் குறைந்தது. முதல் மாதத்தில் பெரிய மாற்றமில்லை, அது போன வெட்டிலேயே தெரிந்துவிடுகிறது. ஆறாவது மாதத்திலும் பெரிதாக இல்லை, அந்தக் குலை இன்னும் பூவாகத்தான் இருக்கிறது. அங்கே மழைதான் பேசுகிறது.

திரும்பும்போது அம்மா ஒன்று சொன்னார். அவருக்குப் பதினைந்து வயதில் வேலை, மகரந்தப் பொடியைப் பெண் பூவில் ஊதுவது. பெண்கள் கூட்டமாகப் போய் ஒவ்வொரு பூவாக ஊதுவார்களாம். 1981இல் கேமரூனிலிருந்து மகரந்தம் சேர்க்கும் வண்டு கொண்டுவந்து விட்டார்கள், அதோடு அந்த வேலை நின்றது. குலை நிறைந்து கனத்தது. பழைய தரவு நிறைய இருந்தால் நல்லது என்று எழுதினேனே, அதற்கும் ஓர் எல்லை உண்டு. வண்டுக்கு முந்தைய எடையை வைத்து வண்டுக்குப் பிந்தைய எடையைச் சொல்ல முடியாது. மறுநடவு செய்த பிளாக்குக்கும் இதே கதைதான்.

ஆகஸ்ட் 3

தம்பி 2014 வரை தட்டி முடித்துவிட்டார். 132 மாதம், பதினோரு பிளாக். கையைக் கொடுங்கள்!

ஆறு எண்ணை மட்டும் மேனேஜரிடம் கொடுக்க வேண்டாம். நகர்த்திச் சோதித்தபோது ஒவ்வொரு மாதத்துக்கும் கிடைத்த பிழைகளை வரிசைப்படுத்துங்கள். மேலே பத்தில் ஒன்றையும் கீழே பத்தில் ஒன்றையும் வெட்டினால், பத்தில் எட்டு முறை உண்மை விழுந்த எல்லை கிடைக்கும். முதல் மாதம் 410 முதல் 450 டன், ஆறாம் மாதம் 360 முதல் 540 டன் என்ற மாதிரி. விரிந்துகொண்டே போவது இயல்பு. லாரிக்காரரிடம் பேசும்போது மேல் எண்ணை வைத்துப் பேச வேண்டும். உரம் வாங்கப் பணம் ஒதுக்கும்போது கீழ் எண்ணை.

ஆகஸ்ட் 17

ஜூலை நிறுவை வந்துவிட்டது, எல்லைக்குள் இருக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். ஒரு மாதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. செப்டம்பர், அக்டோபர் ஏற்றம்தான் எனக்கு முக்கியம். அந்தத் தோட்டத்தில் வெட்டும் ஆட்களிடம் பேசி, அக்டோபருக்கு இரண்டு லாரி கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

அடுத்த சனிக்கிழமை அவர் பிளாக்கில் எண்ண அப்பாவும் வருகிறேன் என்கிறார். தம்பி, காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் நிழலில் கறுப்புக் குலை தெரியாது. நோட்டில் மூன்று கோடு போட்டுக்கொண்டு வாருங்கள்.